ஒரு கண்ணில் மல்டிஃபோகல். மறு கண்ணில் என்ன வைப்பது?

கேள்வி: எனக்கு வயது 64. தஞ்சாவூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இப்போது வீட்டிலிருந்தபடியே சில பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். இளமையிலிருந்தே இரண்டு கண்களிலும் மைனஸ் 3 அளவில் பவர் உண்டு. படிக்கும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவேன். ஆறு வாரங்களுக்கு முன் வலக்கண்ணில் கண்புரை அறுவை செய்து டிரைஃபோகல் லென்ஸ் (மூன்று தூரங்களுக்குக் குவியும் மல்டிஃபோகல் வகை) வைத்தார்கள். தூரப்பார்வை 6/9, கிட்டப்பார்வை ‘என் 8’ என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே லென்ஸை இரு கண்களிலும் வைத்துக்கொண்ட என் மைத்துனருக்கு 6/6, ‘என் 6’. அவர் கண்ணாடியைத் தொடுவதே இல்லை. எனக்கோ இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றன. மாதம் இருமுறை திருச்சியிலுள்ள மகள் வீட்டுக்குக் காரில் போய் இரவில் திரும்புகிறவன் நான். மெய்ப்புப் படிக்க இன்னமும் இடக்கண்ணைத்தான் நம்புகிறேன். அந்தக் கண்ணிலும் புரை இருக்கிறது, ஆனால் குறைவு. அதற்கும் இதே லென்ஸ் வைக்கலாமா, ‘எடாஃப்’ என்கிறார்களே அது நல்லதா, அல்லது சாதாரண லென்ஸே போதுமா? பலன்களை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்திலுள்ள எண்களைவிட, மெய்ப்புப் படிக்க இன்னமும் இடக்கண்ணையே நம்புகிறீர்கள் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கும் வரிதான் என்னை நிறுத்தியது. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு முன், மைத்துனரின் எண்களோடு உங்கள் எண்களை வைத்துப் பார்ப்பது ஏன் சரியான ஒப்பீடு ஆகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இந்த லென்ஸ்களைப் பற்றிய மனக்குறைகளில் பெரும்பகுதி தவறான ஒப்பீட்டிலிருந்தே தொடங்குகிறது.

6/9 என்றால், குறையில்லாத கண் 9 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டரிலிருந்து படிக்கிறீர்கள் என்று பொருள். ‘என் 8’ என்பதிலுள்ள எட்டு, உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான எண். டைம்ஸ் ரோமன் எழுத்தின் பாயின்ட் அளவுதான் அது. ஆக, மைத்துனர் 6 பாயின்டில் படிப்பதை நீங்கள் 8 பாயின்டில் படிக்கிறீர்கள். தாளில் பார்த்தால் வேறுபாடு இவ்வளவுதான். அதிலும் அவருடைய எண் இரு கண்களும் சேர்ந்து படித்ததாக இருக்கலாம். உங்களுடையது அறுவை செய்த ஒரு கண்ணுக்கு மட்டும் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஒரே தரமுள்ள இரண்டு கண்கள் சேரும்போது அரை வரியிலிருந்து ஒரு வரி வரை கூடுதலாகப் படிக்க முடியும் என்பது பொதுவான அனுபவம். மேலும் அவர் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பார்வையோடு பழகியவர். நீங்கள் ஆறு வாரம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அறுவைக்கு முன் அவர் எந்தக் கண்ணாடி போட்டிருந்தார் என்பது. அவர் பிளஸ் பவர் உள்ளவராக இருந்திருந்தால், நாற்பது வயதுக்குப் பிறகு தூரத்துக்கும் கண்ணாடி, கிட்டத்துக்கும் கண்ணாடி என்று எந்தத் தூரமும் வெறுங்கண்ணுக்குத் தெளிவாக இல்லாமல் இருந்திருப்பார். அத்தகையவருக்கு டிரைஃபோகல் லென்ஸ் எதைக் கொடுத்தாலும் அது வரவுதான். உங்கள் கதை வேறு. மைனஸ் 3 பவர் உள்ள கண், கண்ணாடி இல்லாமல் சுமார் 33 சென்டிமீட்டரில் முழுக் கூர்மையோடு பார்க்கும். அந்தத் தூரத்தில், கண்ணுக்குள் நுழைந்த ஒளி அனைத்தையும் ஒரே குவியத்தில் பெற்று, எத்தனையோ ஆண்டுகளாக எழுத்தெண்ணிப் படித்தவர் நீங்கள். கிட்டப்பார்வையில் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பொக்கிஷம் இருந்தது. புதிய லென்ஸ் உங்கள் தூரப்பார்வையைக் கூட்டிக் கிட்டப்பார்வையைச் சற்றுக் குறைத்திருக்கிறது. மைனஸ் பவர் உள்ளவர்களிடம் இதை அறுவைக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல இடங்களில், நேரமின்மையாலோ என்னவோ, இது சொல்லப்படுவதில்லை.

ஏன் குறைகிறது என்பதற்கு லென்ஸின் அமைப்பைப் பார்க்க வேண்டும். டிரைஃபோகல் லென்ஸின் பரப்பில் மைக்ரான் அளவில் செதுக்கிய வட்ட வட்டமான படிகள் இருக்கும். அவை உள்ளே வரும் ஒளியைப் பிரித்து மூன்று தூரங்களுக்குமான குவியங்களுக்கு அனுப்புகின்றன. பேன்ஆப்டிக்ஸ் என்ற லென்ஸை எடுத்துக்கொண்டால், கண்மணி 3 மில்லிமீட்டர் விரிந்திருக்கும்போது, உள்ளே வரும் ஒளியில் 88 சதவீதம் பயன்படுகிறது என்று அதைத் தயாரிப்பவர்கள் கூறுகிறார்கள். அதில் பாதி தூரத்துக்கு. மீதிப் பாதி, 60 சென்டிமீட்டருக்கும் 40 சென்டிமீட்டருக்கும் கால் கால் பங்காகப் பிரிகிறது. ஏடி லிசா டிரை என்ற மற்றொரு லென்ஸில் தூரத்துக்குப் பாதி, கிட்டத்துக்கு 30 சதவீதம், இடைத்தூரத்துக்கு 20 சதவீதம் என்ற பங்கீடு; அதன் இடைத்தூரம் சுமார் 80 சென்டிமீட்டர். இதனால்தான், ஒரு லென்ஸின் விவரச்சீட்டில் இடைத்தூரப் பார்வை இவ்வளவு, இன்னொன்றில் அவ்வளவு என்று இருப்பதை அப்படியே எடுத்து ஒப்பிடக் கூடாது என்கிறேன். எந்தத் தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்பது தெரியாத எண்ணுக்குப் பயனில்லை. மேசைக் கணினி 60 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்கும். கையில் பிடித்த தாள் 40-இல் இருக்கும். சமையல் மேடையோ 80-இல்.

இப்படி ஒளியைப் பங்கிடுவதற்கு ஒரு விலை உண்டு. தூரத்து விளக்கின் கூர்மையான பிம்பம் விழித்திரையில் விழும் அதே நேரத்தில், கிட்டத்துக்கென்று ஒதுக்கிய ஒளியும் அதே இடத்தைச் சுற்றிக் கலங்கலாக விழுகிறது. பகலில் அது தெரிவதில்லை. இருட்டில், கண்மணி விரிந்திருக்கும்போது, எதிரே வரும் லாரியின் விளக்கைச் சுற்றி வளையமாகத் தெரிவது அதுதான். எனவே உங்கள் வளையம் லென்ஸின் பழுதாக இருக்க வேண்டியதில்லை. அதன் இயல்பாகவே இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனெனில் வேறு காரணங்களும் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். மல்டிஃபோகலையும், ஒரே தூரத்துக்குக் குவியும் ஒற்றைக் குவிய லென்ஸையும் ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்து, காக்ரேன் அமைப்பு 2016-இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 20 சோதனைகள், 2,000-க்கும் அதிகமான நோயாளிகள். தூரப்பார்வையில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கண்ணாடி இல்லாத கிட்டப்பார்வையிலும், கண்ணாடியை விட்டுவிட முடிந்தவர்களின் எண்ணிக்கையிலும் மல்டிஃபோகல் முந்தியது. ஒளிவளையத் தொல்லையிலும் மங்கலான எழுத்தைப் பிரித்தறியும் திறனிலும் அது பிந்தியது. இந்த மங்கல் விஷயம் உங்களுக்கு மிக முக்கியம். மருத்துவமனை அட்டையில் இருப்பது வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரிய எழுத்து. உங்கள் மேசைக்கு வருவதோ, மை தீரும் தறுவாயிலுள்ள பிரின்டரில் எடுத்த பழுப்புத் தாள். அட்டையில் ‘என் 8’ படிக்கும் கண், அந்தத் தாளில் புள்ளி வைத்த எழுத்தா வைக்காத எழுத்தா என்று தடுமாறினால் அதில் வியப்பில்லை. எழுத்தின் அளவு மட்டும் போதாது. எழுத்துக்கும் தாளுக்கும் இடையிலுள்ள கருமை வேறுபாடும் வேண்டும். பார்வைச் சீட்டில் இதற்கென்று ஒரு கட்டம் இருப்பதே அரிது.

எடாஃப் என்பது நீண்ட குவிய ஆழம் தரும் லென்ஸ். தனித்தனியாக மூன்று குவியங்களை உண்டாக்காமல், ஒரே குவியத்தைத் தூரத்திலிருந்து இடைத்தூரம் வரை இழுத்து நீட்டுவது அதன் உத்தி. இந்தப் பெயரில் பல அமைப்புகள் விற்கப்படுகின்றன. 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிம்ஃபனியின் பரப்பில் படி வளையங்கள் உண்டு. 2020-இல் அங்கே ஒப்புதல் பெற்ற விவிட்டியில் இல்லை. படி வளையங்கள் இல்லாத வகையில் இரவு வளையத் தொல்லை பெரும்பாலும் ஒற்றைக் குவிய லென்ஸை ஒட்டியே இருக்கும். தூரம் தெளிவு, கணினி தெளிவு. ஆனால் 6 பாயின்ட் அடிக்குறிப்பைப் படிக்க அநேகமாகக் கண்ணாடி தேவைப்படும். ‘எடாஃப் வைத்தால் எல்லாம் தெரியும்’ என்று யாராவது சொன்னால், எந்த எடாஃப், எத்தனை சென்டிமீட்டர் வரை என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒற்றைக் குவிய லென்ஸைச் ‘சாதாரண லென்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், மருத்துவமனை வரவேற்பு மேசைகளிலும் இதே பெயர்தான். ஆனால் அந்தச் சொல்லின்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்ததிலிருந்து தீட்டித் தீட்டி வந்த வடிவம் இது. 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கப்பட்டு லென்ஸின் விலை இறங்கிய பிறகு, எத்தனையோ ஏழைக் கண்களில் கண்புரைக்குப் பின் கெட்டிச் சோடாபுட்டிக் கண்ணாடி வேண்டாமல் போனது இதனால்தான். ஒரே ஒரு தூரத்துக்குத்தான் குவியும் என்பது அதன் எல்லை. அந்த ஒரு தூரத்தில் அது தரும் கூர்மைக்கும் கருமை வேறுபாட்டுக்கும் விலை உயர்ந்த எந்த லென்ஸும் மேலே போக முடியாது. அந்த ஒரு தூரம் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்.

இங்கேதான் உங்கள் அந்த வரிக்கு வருகிறேன். கடந்த ஆறு வாரங்களாக, உங்கள் வலக்கண் தூரத்துக்கும், மைனஸ் 3 உள்ள இடக்கண் கிட்டத்துக்கும் வேலை செய்கின்றன. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் அமைக்கும் இந்த முறைக்கு மோனோவிஷன் என்று பெயர். யாரும் திட்டமிடாமலே உங்களுக்கு அதன் ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது. இதனால் தலைவலியோ, படி இறங்கும்போது தடுமாற்றமோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால், உங்கள் மூளை இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது என்று கருத இடமிருக்கிறது. பலருக்கு இந்த வேறுபாடு ஒத்துக்கொள்ளாது. அதை முன்கூட்டியே அறிவதும் கடினம். உங்களுக்கு அந்த அறிவு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

எனவே நீங்கள் குறிப்பிட்ட மூன்று வழிகளோடு நான்காவது ஒன்றையும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். இடக்கண்ணில் ஒற்றைக் குவிய லென்ஸ். ஆனால் தூரத்துக்கு அல்ல, மைனஸ் 2 முதல் மைனஸ் 2.5 வரை மிச்சம் வைத்து, 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு. அப்படிச் செய்தால், மெய்ப்புத் தாளின் முன் உங்கள் பழைய இடக்கண், புரை நீங்கித் தெளிந்து, பிரிக்கப்படாத முழு ஒளியோடு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். இரவில் கார் ஓட்டும்போது மட்டும் அந்தக் கண்ணுக்குப் பவர் போட்ட ஒரு கண்ணாடி அணிந்தால், வளையமில்லாத தூரப்பார்வை தரும் கண் ஒன்றும் உங்களுக்கு இருக்கும். கண்ணாடியே தொடாமல் வாழ வேண்டும் என்பது உங்கள் இலக்கானால் இந்த வழி அதை முழுமையாகத் தராது. ஆனால் கண்ணாடியை விட்டொழிப்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஓர் ஏக்கத்தையும் நான் காணவில்லை; அது மைத்துனரின் பெருமை.

இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. இரு கண்களிலும் மல்டிஃபோகல் வைத்தவர்களையும், ஒற்றைக் குவிய லென்ஸ்களை மோனோவிஷன் முறையில் வைத்தவர்களையும் ஒப்பிட்டுப் பிரிட்டனில் 212 பேரிடம் நடந்த சோதனை ஒன்று 2013-இல் வெளியானது. நான்கு மாதங்களுக்குப் பின், கண்ணாடியே அணிவதில்லை என்றவர்கள் மல்டிஃபோகல் பிரிவில் 71 சதவீதம், மோனோவிஷன் பிரிவில் 26 சதவீதம். இதோடு நிறுத்தினால் போட்டி முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஓராண்டுக்குள் லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் மல்டிஃபோகல் பிரிவில் ஆறு பேர். மோனோவிஷன் பிரிவில் ஒருவர்கூட இல்லை. அந்தச் சோதனையில் கண்களுக்கிடையே வைத்த வேறுபாடு நான் மேலே சொன்னதைவிடக் குறைவு, சுமார் 1.25 பவர்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ‘கண்ணாடி வேண்டாம்’ என்பதை வெற்றியாக வைத்தால் ஒரு முடிவு; ‘வைத்த லென்ஸைப் பற்றி வருத்தமில்லை’ என்பதை வெற்றியாக வைத்தால் வேறு முடிவு. ஒரே சோதனையிலிருந்தே இரண்டும் கிடைக்கின்றன.

இவ்வளவையும் எழுதிவிட்டு, இடக்கண்ணைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறேன். வலக்கண்ணின் 6/9 அதன் இறுதி நிலையா என்பது இன்னும் தெரியவில்லை. முதலில், மிச்சப் பவர் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மல்டிஃபோகல் வைத்த கண்ணில் கணினி இயந்திரம் காட்டும் பவரை அப்படியே நம்ப முடியாது; பொறுமையுள்ள ஒரு பரிசோதகர் ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுக் கேட்டு அளக்க வேண்டும். ஒற்றைக் குவிய லென்ஸ் பொறுத்துக்கொள்ளும் அரைப் பவர் பிழையையும், சிறு சிலிண்டரையும் (கருவிழி வளைவின் சீரின்மையால் வரும் பவர்) இந்த லென்ஸ் பொறுப்பதில்லை. அரைப் பவர் போட்டதும் 6/9 என்பது 6/6 ஆகி வளையமும் சுருங்கினால், குற்றம் லென்ஸின் வகையில் இல்லை.

அடுத்தது, விழித்திரையின் மையப்பகுதிக்கு, அதன் அடுக்குகளைப் படமெடுத்துக் காட்டும் ஓசிடி ஸ்கேன். கண்புரை அறுவைக்குப் பின் சிலருக்கு அந்த இடத்தில் நீர்கோர்த்து வீக்கம் வரும். அது அதிகமாகத் தலைகாட்டுவது நான்கு முதல் ஆறு வாரங்களில், அதாவது நீங்கள் இப்போது இருக்கும் கட்டத்தில்தான். சொட்டு மருந்திலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். கவனிக்காமல் விட்டு, லென்ஸின்மேல் பழி போடக் கூடாது. கண்ணீர்ப் படலமும் அறுவைக்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் நிலையில்லாமல் இருக்கும். இமைக்க மறந்து மெய்ப்பை உற்றுப் பார்க்கும் உங்களுக்கு அது கூடுதலாகவே இருக்கலாம். கண்ணைச் சிமிட்டியதும் எழுத்து ஒரு கணம் தெளிந்து மறுபடி மங்கினால், அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வளையத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரவில் மொட்டைமாடியிலோ வாசலிலோ நின்று, தூரத்துத் தெருவிளக்கு ஒன்றை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள்; இடக்கண்ணால் பார்க்கும்போது மட்டும் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வலக்கண்ணில் தெரிவது விளிம்பு தெளிவான வளையமா, இடக்கண்ணில் தெரிவது கதிர் கதிராகச் சிதறும் கூச்சமா என்று கவனியுங்கள். நீங்கள் லென்ஸின்மேல் சுமத்தும் தொல்லையில் ஒரு பங்கு, அறுவை செய்யாத கண்ணின் புரையிலிருந்து வருவதாக இருக்கலாம். அந்தப் பங்கு எந்த லென்ஸை வைத்தாலும் போய்விடும்.

மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். பவரைச் சரிசெய்து, வளையமும் பழகி, வலக்கண்ணால் மட்டும் ஒரு படிவம் மெய்ப்பை எரிச்சலில்லாமல் படிக்க முடிந்தால், இடக்கண்ணுக்கும் அதே டிரைஃபோகல் வைப்பதில் தவறில்லை. இரு கண்களும் சேரும்போது அது இன்னும் மேம்படும். தூரமும் கணினியும் நன்றாக இருந்து வளையம் மட்டும் உறுத்தினால், படி வளையமில்லாத எடாஃபைத் தூரத்துக்கு வைக்கலாம். ஆனால் மெய்ப்புக்குக் கண்ணாடி உங்கள் மேசைக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகும் மெய்ப்புப் படிக்கத் தானாக இடக்கண்ணையே நாடினீர்களானால், நான்காவது வழி. இந்த மூன்றில் நான் உங்களுக்கு எதிர்பார்ப்பது கடைசியையே. எந்த வழியானாலும், இடக்கண்ணில் சர்க்கரை நோய்ப் பாதிப்போ, கண் நீரழுத்தப் பாதிப்போ, மாக்குலா எனும் விழித்திரை மையத்தில் தேய்வோ இருப்பதாகத் தெரிந்தால் ஒளியைப் பிரிக்கும் லென்ஸ் அங்கே கூடாது. செலவைப் பொறுத்தவரை, பல மருத்துவக் காப்பீடுகள் ஒற்றைக் குவிய லென்ஸுக்கான தொகையை மட்டுமே தருகின்றன. பாலிசித் தாளை முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வலக்கண் மங்கலாக இருக்கிறதென்று நீங்கள் முறையிடும்போது, லென்ஸின் பின்னால் சவ்வு படர்ந்திருக்கிறது, யாக் லேசரில் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று யாராவது சொல்லக்கூடும். சவ்வு உண்மையிலேயே படர்ந்திருந்தால் அது நல்ல சிகிச்சைதான். ஆனால் ஆறு வாரத்தில் அப்படிப் படர்வது அரிது. லென்ஸைத் தாங்கி நிற்கும் பையை லேசரால் துளைத்த பிறகு லென்ஸை மாற்ற நினைத்தால் அறுவை பலமடங்கு சிக்கலாகிவிடும். வலக்கண் லென்ஸை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற கேள்வி உங்கள் மனத்தில் தீரும் வரை அந்த லேசருக்குச் சம்மதிக்காதீர்கள். திருச்சிப் பயணத்தையும் அதுவரை, இருட்டுவதற்குள் தஞ்சாவூர் திரும்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் கண் மருத்துவர்